இடர்க்காலத்துப் பொறையும் இறைபணியும்



உழவன் கோடையை வெறுத்து நிலத்தை விட்டு ஓடுவானல்லன். அக்கோடையிலேயே வரப்பைச் செப்பஞ் செய்கின்றான், எருவிடுகின்றான், வித்தைக் கெடாமற் காக்கின்றான். மழை தன் வயத்ததன்று என்பதனையும், அது வந்துழிப் பயன் கொள்ளுதற்குரிய ஆயத்தம் தன் வயத்தது என்பதனையும் அவன் நன்கறிவான். மக்கள் வாழ்க்கையினும் இத்தகைய கோடைகள் உள. நோய், வறுமை, பிரிவு, இழப்பு, பழி என்பன ஒன்றன்மேலொன்றாக வந்து சூழுங்கால், முன்னர் வழுவாது செய்துவந்த வழிபாட்டினும் தொண்டினும் மனந் தளர்கின்றது. "இத்துணைக் காலம் வழிபட்டும் என்ன பயன் கண்டேம்?" என்னும் வினா உள்ளத்தே எழுகின்றது. அவ்வினாவை இகழ்ந்து தள்ளுதல் கூடாது. அது நொந்த உயிரின் வினா. அதற்கு நம் சைவசித்தாந்தம் இறுக்கும் விடை யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், பொறை என்பது யாது என்பதனைத் தெளிதல் வேண்டும். செயலற்று வாளாவிருத்தலைப் பொறை என்பார் சிலர். துன்பமே தாக்காதார் போன்று கல்லென நிற்றலைப் பொறை என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் பொறையல்ல. முன்னது மடி, பின்னது ஒன்று வன்மை, ஒன்று நடிப்பு. நோவுணராமை மரத்தின் இயல்பேயன்றி அன்பரின் இயல்பன்று.

நம்பிக்கையையும் பலர் திரித்துணர்கின்றனர். "இத்தனை நாள் நோன்பிருப்பேன், அதற்குள் என் இடர் தீர்தல் வேண்டும்" என்று நாட்குறித்து எண்ணுதல் வாணிகன் கடன் கொடுக்கும் முறையேயாம். குறித்த நாள் கழிந்தவழி அந்நம்பிக்கையும் உடன் கழிந்தொழியும். இறைவன்பால் வைத்த நம்பிக்கை, இடர் இன்ன நாளில் நீங்கும் என்னும் துணிபன்று. இடர் நிற்கும் நாளினும் நம்மைத் தாங்கி நிற்பான் அவனே என்னும் துணிபு. இவ்வேறுபாடு சிறிது போலத் தோன்றினும், இடர்க்காலத்தே நிலைபெறுவாரையும் நிலைதளர்வாரையும் பிரித்துக் காட்டுவது இதுவேயாம்.

இனி இத்துணிபிற்கு அடிப்படையான நூற்பொருளை நோக்குவாம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் முப்பொருளியல்பையும் விளக்குவது. அந்நெறி நின்ற சந்தானாசாரியர்கள் வினையை மூவகையாகப் பகுத்துக் காட்டினர். பல பிறவிகளில் ஈட்டப்பட்டுத் தொகுதியாய்க் கிடப்பது சஞ்சிதம். அதனின்று இப்பிறவிக்கென முகந்துகொண்டு நுகரப்படுவது பிராரத்தம். நுகரும்பொழுதே "யான், எனது" என்னும் செருக்கினாற் புதிதாக ஏறுவது ஆகாமியம். பிராரத்தம் பழைய கடன் போல்வது, நுகர்ந்தாலன்றிக் கழியாது. ஆயின் ஆகாமியமோ, பழைய கடனைத் தீர்க்கும்பொழுது நாமே எழுதிக்கொடுக்கும் புதுச்சீட்டு. துன்பம் வந்துழி, வெகுளியாலும் வெறுப்பாலும் அழுக்காற்றாலும் பிறரைச் சுடுசொற் கூறியும், தொண்டினைக் கைவிட்டும், தகாத வழியிற் பொருள் தேடியும் நாம் செய்வனவெல்லாம் இப்புதுச்சீட்டின்பாற் படும். பழைய கடன் அடைபடும். புதிய கடன் அதனினும் பெருகி நிற்கும். ஆகலின் பொறையாவது, பழைய கடன் கழியுங்கால் புதிய கடன் ஏறாவண்ணம் உள்ளத்தைக் காத்தல் என்க. இது செயலின்மையன்று, செயல்களுளெல்லாம் அரிய செயலாம்.

அற்றேல், "நம் துயரை இறைவன் கண்டும் காணாதான்போல் மறைந்து நிற்பது என்னை?" எனின், கூறுதும். இறைவன் இயற்றும் தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து. இவற்றுள் மறைத்தலைச் செய்யும் ஆற்றலைத் திரோதான சத்தி என்ப. உயிர் உலக நுகர்ச்சியில் நின்று, வினையை உண்டு தொலைத்து, ஆணவமலம் பரிபாகம் எய்துமளவும், இச்சத்தி தன்னைக் காட்டாது உடன் நின்று நடத்துகின்றது. மலத்தைச் செலுத்தி நிற்றல் பற்றி இதனையும் மலங்களுள் ஒன்றாக உபசரித்து எண்ணுவர். உண்மையில் இஃது அருளேயாம். மலம் பக்குவப்பட்டவழி இதுவே அருட்சத்தியாய் விளங்கிப் பதியும். அதனைச் சத்திநிபாதம் என்பர். மறைப்பதும் அருள்வதும் இரண்டு வேறு பொருள்களல்ல. ஒன்றே ஈரிடத்து ஈர்வகையாய் நிற்கின்றது. நடைபயிலும் மகவின் பின்னே, அது தன் கையைப் பற்றாதவாறு தாய் கையை மறைத்துக்கொண்டு செல்லுதல் போல்வது இது. மகவு, "தாயைக் காணேன்" என்று அழுகின்றது. தாயின் கை அதன் முதுகிற்கு நான்கு விரல் தொலைவிலே நிற்கின்றது.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியோர் வரலாறுகளை, 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தில் விரித்தருளினார். அவற்றுள் மூன்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்த் தோன்றியவர் திலகவதியம்மையார். தந்தையார் இறந்தனர், தாயாரும் உடன் இறந்தனர். தமக்கென மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். அம்மையாரும் உயிர்விடத் துணிந்தார். இளையவராகிய மருணீக்கியார் அடியில் வீழ்ந்து அழுது வேண்டவே, அத்தம்பியின்பொருட்டு உயிர் தாங்கினார். யாருக்காக உயிர் தாங்கினாரோ அத்தம்பியும் பின்னர்ச் சமண் சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பூண்டு பிரிந்து நின்றார். இனி இவ்வம்மையார்க்கு இவ்வுலகில் எஞ்சியது யாது? வேறொருவராயின், "இறைவனும் என்னைக் கைவிட்டான்" என்றே முடிவு செய்திருப்பர். அம்மையார் திருவதிகைக்குச் சென்றார். வைகறையிலே திருக்கோயிலை அலகிட்டார், மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். தம்பியைத் தெருட்டி ஆட்கொள்ளுமாறு நாடோறும் விண்ணப்பஞ் செய்தார். விடை வருமளவும் துடைப்பம் அவர் கையினின்றும் நீங்கிற்றில்லை.

விடை எவ்வாறு வந்தது? இதுவே நாம் ஊன்றி நோக்கற்பாலது. இறைவன் கனவில் தோன்றி, சூலைநோய் தந்து ஆட்கொள்வதாக அருளினான். அவ்வாறே தம்பியார் வயிற்றிற் கொடிய சூலை பற்றியது. தம்பியார்க்கு அது பொறுக்கலாற்றாப் பேரிடர். தமக்கையார்க்கோ அது பல்லாண்டு வேண்டுகோளின் நிறைவு. நிகழ்ச்சி ஒன்றே, ஒருவர் அதனை உள்ளிருந்து நோவாகக் கண்டார், மற்றொருவர் அதன் முடிவைக் கனவில் உணர்ந்து அருளாகக் கண்டார். மருணீக்கியாரைத் திருநாவுக்கரசராக்கிய வாயில் அந்நோயே. நமக்கு வரும் இடர்களை நாம் உள்ளிருந்து மாத்திரமே காண்கின்றேம். அவற்றின் மறுபுறம் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. புலனாகாமையால் மறுபுறமே இல்லை என்று முடித்தல் ஆராய்ச்சி ஆகாது.

இரண்டாவது, அதிபத்த நாயனார் வரலாறு. நாகப்பட்டினத்துக் கடற்கரை நுளைப்பாடியில் நுளையர் தலைவராக வாழ்ந்தவர் அவர். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றை, "இது எம்பெருமானுக்கு" என்று கடலில் விடுதலை அவர் வழுவா நியமமாகக் கொண்டிருந்தார். மீன் மிக்குப்பட்ட காலத்தே இந்நியமம் எளிது. பின்னர் ஒரு காலம் வந்தது. நாள் முழுதும் வலை வீசினும் ஒரு மீனே பட்டது. ஒன்றே பட்டால் அஃது யாருக்கு உரியது? நாயனார் அதனை இறைவனுக்கே விட்டார். மறுநாளும் ஒன்றே, அதனையும் விட்டார். இங்ஙனம் பல நாள் கழிந்தன. செல்வம் சுருங்கிற்று, சுற்றத்தார் பசியால் வாடினர், தம் உடலும் மெலிந்தது. உள்ளம் மெலிந்திலது.

இங்கும் நாயனார் தொழிலைக் கைவிட்டிலர் என்பதனைக் குறித்துக் கொள்க. "மீன் தருவான் இறைவன்" என்று கரையிற் கிடந்தாரல்லர். நாடோறும் கடலிற் சென்றார், வலை வீசினார். வீசுதல் தம் கடன். படுதல் அவன் செயல். பட்டதில் ஒன்று அவனுக்கு உரியது. இம்மூன்றனையும் அவர் ஒன்றோடொன்று மயக்கிக் கொள்ளவில்லை.

முடிவில் ஒரு நாள் அந்த ஒரு மீனும் பழைய மீனாய் வரவில்லை. பொன்னுடலும் மணியுறுப்பும் உடையதாய், உலகையே விலை பெறத்தக்கதொரு மீன் வலையில் வந்தது. உடனிருந்தோர் வியந்து ஆர்த்தனர். பசித்த சுற்றமும் ஒட்டிய வயிறும் ஒரு கணத்தில் நிறைதற்குரிய காலம் அது. நாயனார் அதனையும், "எம்பெருமானுக்கு" என்றே அலைமேல் விட்டார். இறைவன் விடைமேற் காட்சி தந்தருளினான்.

இவ்வரலாற்றின் உயிர்நிலை எங்கேயுளது? வறுமையில் ஒரு மீனை விட்டதிலன்றோ எனின், அது பாதியே. வறுமையின்கண் காத்த உறுதியைச் செல்வம் வந்த கணத்தில் இழந்தோர் பலர். இறுதிச் சோதனை துன்ப வடிவில் வந்திலது. இன்ப வடிவில் வந்தது. இழிந்த மீனையும் பொன்மீனையும் ஒரே கையால், ஒரே சொல்லால் விடுத்தமையே நாயனாரின் பெருமை. இதுவே நூல்கள் கூறும் இருவினையொப்பு. நல்வினையும் தீவினையும் நிறுத்து எடை ஒத்து நிற்றல் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. நல்வினைப் பயன் வந்துழி விருப்பாற் பொங்குதலும், தீவினைப் பயன் வந்துழி வெறுப்பால் வாடுதலும் இன்றி, உயிரின் அறிவு இரண்டின்கண்ணும் ஒத்து உவர்த்து நிற்றலே இருவினையொப்பாம். இடர்க்காலம் இவ்வொப்புமையைப் பயிலுதற்குரிய பள்ளி. அப்பள்ளியிற் கற்றதனைப் பொன்மீன் வந்த நாளில் நாயனார் ஒப்பித்தார்.

மூன்றாவது, சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறு. முன்னிருவரும் தம் குற்றமின்றி இடருற்றனர் போலக் காணப்படுகின்றனர். இவரோ, திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குக் கூறிய சூளுறவினைப் பிழைத்து அவ்வூர் எல்லையைக் கடந்தமையால் இருகண்ணும் இழந்தார். தம் பிழையால் வந்த இடர் என்னும் எண்ணம், இடரினும் இருமடங்கு சுடுவது. "இது யானே தேடிக்கொண்டது, இறைவனை வேண்ட எனக்கு என்ன முகம் உண்டு?" என்று பலர் அந்நிலையில் வழிபாட்டையே விடுத்து விடுகின்றனர். சுவாமிகள் அங்ஙனம் செய்திலர். கண்ணிலராகவே தலந்தோறும் நடந்தார், முறையிட்டார், உரிமையாற் சினந்தும் பாடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கிற்று. திருவாரூரிலேதான் வலக்கண் கிடைத்தது.

கண் வேண்டினார்க்குக் கோல் கிடைத்தது. கோலை எறிந்துவிட்டுக் கண் வரும்வரை அங்கேயே இருந்திருப்பின் காஞ்சிக்கு எவ்வாறு செல்வார்? அருள் முழுதும் ஒரே நாளில் வந்தெய்தவில்லை. அடுத்த ஊருக்குச் செல்லும் அளவிற்கு அளந்து தரப்பட்டது. நம் இடர்க்காலங்களினும் இவ்வாறே நிகழ்கின்றது. நாம் வேண்டியது முழு நலம். வருவது ஒரு நண்பரின் சொல், ஒரு வேளை உணவு, ஓர் இரவு உறக்கம். இவற்றைச் சிறியன என்று தள்ளுவார் ஊன்றுகோலை எறிவார் ஆவர்.

மற்றொன்றும் இதனாற் பெறப்படும். இறைவனை நோக்கி முறையிடுதலும், அழுதலும், உரிமையாற் கடிந்து கூறுதலும் பொறைக்கு மாறல்ல. முறையீடு நம்பிக்கையின் ஒரு வடிவம். கேட்பார் உளர் என்று துணிந்தவன்றோ முறையிடுவான்? நம்பிக்கைக்கு மாறாவது வாய்விட்டு அழுதலன்று, முகந்திருப்பிக் கொள்ளுதலே.

இனி, இப்பொருளை உரைப்போர் பலர் தவறும் இடம் ஒன்றுளது. அதனைக் கூறாது விடின் இவ்வுரை தீமையாகவும் முடியும். வினைக்கோட்பாட்டைத் தம் துயருக்கு மருந்தாகக் கொள்ளாது, பிறர் துயரைத் தீர்க்காமைக்குச் சாக்காகக் கொள்வோர் உளர். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து நம் கீழைக்கடற்கரையை அழித்தது. அதிபத்தர் வலைவீசிய அந்நாகைக் கரையையுள்ளிட்ட அக்கால நாகப்பட்டின மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மகவை இழந்த ஒரு தாயின் முன்னே நின்று, "இஃது உன் வினை, பொறுத்துக்கொள்" என்று கூறுவான் உளனாயின், அவன் சித்தாந்தம் கற்றவனல்லன், அதன் சொற்களை மாத்திரம் கற்றவன். வினை சடம், அது தானே சென்று பற்றாது, அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே என்பதன்றோ நம் நூற்றுணிபு? எனவே எவ்வினை எவ்வுயிருக்கு எப்பயனாய் வந்தது என்னும் கணக்கு அவன் கையது. அதனைப் படித்துக்காட்டும் உரிமை நமக்கு ஒருவரும் தந்திலர். நமக்குத் தரப்பட்டது தொண்டுக் கணக்கு ஒன்றே.

திருவீழிமிழலையில் நிகழ்ந்ததனை நினைக. மழையின்மையால் வற்கடம் பரந்தகாலை, திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அங்கு எழுந்தருளியிருந்தனர். இறைவன் கனவில் தோன்றி, காலத்தின் கொடுமையால் நீவிர் உள்ளம் வாடீர் எனினும் உம்மைச் சார்ந்தோர்க்கு உதவுதற்பொருட்டு நாடோறும் பொற்காசு தருவேம் என்றருளினான். கிழக்குப் பீடத்தில் ஒருவர்க்கும் மேற்குப் பீடத்தில் ஒருவர்க்குமாகக் காசு கிடைத்தது. இருவரும் அக்காசு கொண்டு தத்தம் திருமடங்களிற் சோறு சமைப்பித்துப் பறையறைந்து அழைத்து அடியார்களை ஊட்டினர். பசித்து வந்தார்க்குப் பொறுமையைப் பற்றி விரிவுரை ஆற்றினாரல்லர், இலையிட்டனர். தம் துயருக்குப் பொறை, பிறர் துயருக்குத் தொண்டு என்பதே நாயன்மார் கண்ட நெறி. இதனை மாற்றித் தம் துயருக்கு ஆரவாரமும் பிறர் துயருக்குப் பொறையும் காட்டுதல் நம்மனோர் வழக்கமாய் விட்டது. இஃது இரங்கத்தக்கது.

இவ்வாறாயின், இடருற்றார் இன்றே மேற்கொள்ளற்பாலது யாது? பெரியதொரு நோன்பும் வேண்டா. நல்ல காலத்தே செய்துவந்த நியமங்களுள் ஒன்றையேனும், எத்துணைச் சிறிதாயினும், விடாது பற்றுக. நீராடித் திருநீறு அணிதலாயினும் ஆகுக; திருவைந்தெழுத்தை நூற்றெட்டு உரு எண்ணுதலாயினும் ஆகுக; திருக்கோயிலிற் சென்று ஒரு மூலையைக் கூட்டுதலாயினும் ஆகுக; அடுத்த வீட்டு நோயாளிக்கு ஒரு கலம் கஞ்சி கொண்டு கொடுத்தலாயினும் ஆகுக. மனம் ஒருங்கவில்லையே என்று அதனைக் கைவிடற்க. திலகவதியார் அலகிட்ட ஒவ்வொரு நாளும் மனம் ஒருங்கியே அலகிட்டார் என்று நாம் நினைத்தல் வேண்டா. தம்பியை நினைந்து கண்ணீருடனும் அலகிட்டிருத்தல் கூடும். கண்ணீரால் அத்தொண்டு குறைவுபட்டிராது.

மருத்துவரிடம் செல்லுதலும், தொழில் தேடுதலும், நியாயம் கேட்டல் வேண்டுமிடத்து நியாயம் கேட்டலும் நம்பிக்கைக்கு இழுக்கல்ல. அவை அதிபத்தரின் வலைவீச்சுப் போல்வன. வலையை நாடோறும் வீசுக. பட்டது சிறிதாயின் உள்ளம் சுருங்கற்க. பெரிதாயின் உள்ளம் பொங்கற்க. பட்டதில் அவனுக்குரியதனை அவனுக்கு விடுக. இங்ஙனம் நிற்றலே இறைபணி நிற்றலின் தொடக்கம். அந்நிலையில் "யான் செய்கின்றேன், யான் படுகின்றேன்" என்னும் முனைப்பு சிறிது சிறிதாகத் தேயும். அது தேயுமளவிற்கு ஆகாமியம் ஏறாது. ஏறாதவழி மறைப்பின் வேலையும் குறையும். மறைத்து நின்ற அருளே வெளிப்பட்டு நிற்கும்.

ஆண்டுதோறும் ஆவணித் திங்களில் நாகைக் காரோணத்தார் திருக்கோயிலைச் சார்ந்து அதிபத்தர் திருநாள் நிகழ்கின்றது. பொன்மீனொன்று கடலில் விடப்படுகின்றது. பேரலை கொண்ட உயிர்களுக்காக அழுத அக்கரையிலேயே அவ்விழா இன்றும் நடைபெறுகின்றது. கடல் கொடுத்தது, கடல் கொண்டது. வலையோடு மீண்டும் அக்கடலிற் செல்லும் அம்மக்களின் உறுதிக்குமுன் நம் வாய்ப்பேச்சு எம்மாத்திரம்? அவர்களைப் போன்று, இடர்ப்பட்ட மறுநாட் காலையிலும் எழுந்து, நம் கடனைச் செய்து, முடிவை அவன் திருவடிக்கு ஒப்புவித்து நிற்கும் திறத்தினை, அம்மையப்பனாகிய இறைவன் நம் எல்லோர்க்கும் தந்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.